டிசைன் படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்து டிசைன் படித்து, அதையே தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறார் ஒரு வடிவமைப்பாளர். மருந்துப் பெட்டிகள், மருத்துவமனை வழிகாட்டிப் பலகைகள் ஆகியவற்றை நெடுங்காலமாக வடிவமைத்து வருபவர், டிசைன் ஆசிரியை.

மேடம், பென்சிலில் முகங்களை அச்சு அசலாக வரைவேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். டிசைன் படிப்பில் சேர இது போதுமா?
– பள்ளி இறுதியாண்டு மாணவி

அப்படி வரைய நிறையப் பொறுமை வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது, எங்கே போனாலும் கைகொடுக்கும். ஆனால் சேர்க்கை நேர்முகத்தில் உட்கார்ந்து கட்டுக்கட்டாக ஓவியங்களைப் புரட்டுகிற என்னைப் போன்றவர்கள் தேடுவது வேறு ஒன்றை. புகைப்படத்தைப் பார்த்து வரைந்த முகத்தில் கோணம், வெளிச்சம், எதை விடுவது எதைச் சேர்ப்பது எல்லாவற்றையும் கேமரா முன்பே முடிவு செய்திருக்கும். நீங்கள் முடிவெடுத்த இடம் எது என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். ஒரு நகவெட்டியை எடுங்கள். அதைப் பார்த்தே இராத ஒருவருக்கு, எப்படித் திறப்பது, எப்படித் திருப்புவது, எங்கே அழுத்துவது என்று ஓர் எழுத்துகூட இல்லாமல் நான்கு படங்களில் வரைந்து காட்டுங்கள். வரைந்ததை யாரிடமாவது கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் படத்தில் அவர் தயங்குகிறாரோ அதை மட்டும் திரும்ப வரையுங்கள். அந்தத் தாள்களை அடித்தல் திருத்தலோடு நேர்முகத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் அந்த மேசையில் இருந்தால், அழகாக ஷேடிங் செய்த முகத்தைவிட அவற்றைத்தான் அதிக நேரம் பார்ப்பேன்.

ஜெர்மனியில் 1919-இல் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளியில், மாணவர்கள் பட்டறைக்குள் போகுமுன் ஓர் அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டியிருந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் ஜோசப் ஆல்பர்ஸ். ஒருநாள் செய்தித்தாள் கட்டோடு வகுப்புக்கு வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாராம். இதை வீணாக்காமல் ஏதாவது செய்யுங்கள், முடிந்தால் கத்தரியும் பசையும் இல்லாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கோட்டை, விமானம், விலங்குகள் எல்லாம் தயாராக இருந்தன. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றார். அவர் எடுத்துக்காட்டியது தாளை நீளவாக்கில் மடித்து நிற்க வைத்திருந்த ஒரு மாணவரின் வேலையை. கிடக்கிற தாளில் ஒரு பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும், நிற்கிற தாளில் இரண்டு பக்கமும் தெரியும் என்று விளக்கினாராம். முதலாண்டில் நீங்கள் கற்கப்போவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பார்வைதான்.

எனக்கு வரையவே வராது. ஆனால் ஆப்களைப் பார்த்தால் எது தப்பு, எது சரி என்று தோன்றிக்கொண்டே இருக்கும். சேரலாமா?
– மாணவர்

சேரலாம், தம்பி. கட்டமும் கோடும் அம்புக்குறியும் போட்டு எண்ணத்தை இன்னொருவருக்குப் புரியவைக்கத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். மீதி கைப்பழக்கத்தில் வந்துவிடும். ஆனால் ‘தோன்றுகிறது’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பொத்தான் ஏன் கண்ணில் படவில்லை என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

என் மகனுக்குப் பொறியியல் படிக்கும் அளவுக்கு மதிப்பெண் இருக்கிறது. அவனோ கலைக் கல்லூரியில் டிசைன்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். படம் வரைந்துவிட்டு வெளியே வந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?
– ஒரு தந்தை

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. அவர் ஆசைப்படுகிறார், விட்டுவிடுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட நான் விரும்பவில்லை.

வேலை இருக்கிறது. பேக்கேஜிங், புத்தக லேஅவுட், ஆப் திரைகள், வழிகாட்டிப் பலகைகள், மோஷன் கிராஃபிக்ஸ், கண்காட்சி அமைப்பு, துணி, மரச்சாமான், மருத்துவக் கருவியின் கைப்பிடி என்று எதைத் தொட்டாலும் அதற்குப் பின்னால் யாரோ ஒரு டிசைனர் இருக்கிறார். ஆனால் பட்டத்தைக் காட்டி வாங்குகிற வேலையாக இது பெரும்பாலும் இருப்பதில்லை. என்ன செய்திருக்கிறாய், காட்டு என்றுதான் கேட்பார்கள். முதல் சில வருடங்கள் அளவு மாற்றுவதிலும் எழுத்துப்பிழை திருத்துவதிலும் போகும். ஃப்ரீலான்ஸாகப் போனால் ஒரு மாதம் வேலை குவியும், அடுத்த மாதம் வெறிச்சென்று இருக்கும். இதையெல்லாம் உங்கள் மகனிடம் இப்போதே பேசுங்கள். கேட்ட பிறகும் உறுதியாக இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

எங்கே சேர்ப்பது என்பதில்தான் நீங்கள் தலையிட வேண்டும். கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் மென்பொருள் பட்டியலைப் படிக்காதீர்கள். நேரில் போங்கள். ஸ்டூடியோ மாலையிலும் திறந்திருக்கிறதா, பட்டறையில் இயந்திரங்கள் ஓடுகின்றனவா, அல்லது உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சுவர்களில் பாதி முடிந்த வேலைகள் ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி. சட்டம் போட்ட பழைய பரிசுகள் மட்டும் தொங்கினால் இன்னும் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு மாணவரின் வேலையை ஆசிரியர் வாரத்தில் எத்தனை தடவை உட்கார்ந்து பார்க்கிறார்? பாடம் நடத்துகிறவர்களில் இப்போதும் வெளியே தொழில் செய்கிறவர்கள் உண்டா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. 1950-களில் லண்டனில் உள்ள செல்சீ கலைக் கல்லூரியில் மார்கரெட் கால்வெர்ட் என்ற இளம்பெண் படித்துக்கொண்டிருந்தார். அங்கே வகுப்பெடுக்க வந்துகொண்டிருந்த ஜாக் கின்னியர், தொழில்முறை வடிவமைப்பாளர். காட்விக் விமான நிலையத்துக்கு வழிகாட்டிப் பலகைகள் வடிவமைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தபோது இந்த மாணவியை உதவிக்கு அழைத்துக்கொண்டார். அங்கிருந்து இருவரும் நெடுஞ்சாலைப் பலகைகளுக்குப் போனார்கள். பிரிட்டனில் 1965 முதல் நடைமுறைக்கு வந்த சாலைக் குறியீடுகள் இவர்கள் உருவாக்கியவை. அந்த அமைப்பு இன்றும் அங்கே பயன்பாட்டில் இருக்கிறது. எல்லா மாணவர்களுக்கும் இப்படி அமையும் என்று சொல்லவில்லை. தொழிலில் இருக்கும் ஒருவர் உங்கள் மகன் வேலை செய்கிற விதத்தை வாராவாரம் அருகிலிருந்து பார்ப்பது, எந்த வேலைவாய்ப்பு முகாமைவிடவும் பெரியது என்று சொல்கிறேன்.

இரண்டு வாரம் உழைத்து ஒரு மருந்துப் பெட்டி டிசைன் செய்தேன். கிரிட்டிக் என்கிற விமர்சன வகுப்பில் சுவரில் ஒட்டியதும் ஆசிரியர், ‘இதை யார் படிக்கப் போகிறார்கள்?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அழுகை வந்துவிட்டது. யூடியூபில் பார்த்தே எல்லாம் கற்றுக்கொள்ளலாமே, கல்லூரி எதற்கு என்று தோன்றுகிறது.
– இரண்டாமாண்டு மாணவி

மருந்துப் பெட்டி என்றதும் உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தேன். என் பிழைப்பே அதுதான்.

அந்தக் கேள்வி வலித்திருக்கும். ஆனாலும் மருந்துப் பெட்டியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவேதான். யார் படிக்கப் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மருந்துக்கடை அலமாரியில் பெட்டிகளை நெருக்கி அடுக்கியிருப்பார்கள். கடைக்காரர் கண்ணுக்குத் தெரிவது பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சதுரம் மட்டும். நீங்கள் இரண்டு வாரம் இழைத்த முகப்பு அவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் அதே பெட்டியை இரவில் மங்கிய விளக்கில், கண்ணாடியைத் தேடிக்கொண்டே ஒரு பெரியவர் எடுப்பார். 5 மில்லிகிராம் பெட்டியும் 50 மில்லிகிராம் பெட்டியும் ஒரே நிறத்தில், ஒரே அமைப்பில் இருந்தால் அவர் எதை எடுப்பார்? ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்று மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைப்போம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உண்டு. ஆகவே நிறத்தோடு எண்ணும் பெரிதாக வேண்டும், அமைப்பும் வேறுபட வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்து உங்கள் திரையில் நேர்த்தியாகத் தெரியும். ஆனால் இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. பின்னாலிருந்து ஒளிவிடும் திரைக்கே அப்படி என்றால், மங்கிய விளக்கில் பிடித்த அட்டைக்கு எவ்வளவு வேண்டும்?

இதில் எதுவும் யூடியூபில் கிடைக்காத ரகசியம் இல்லை. நல்ல காணொளிகள் இருக்கின்றன, நானும் பார்க்கிறேன். ஆனால் காணொளியால் உங்கள் பெட்டியைப் பார்க்க முடியாது. உங்கள் ஐந்து மில்லிகிராம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்காகவும், கூடப் படிக்கிற இன்னும் பல ஜோடிக் கண்களுக்காகவும்தான் கல்லூரிக்குப் போகிறோம்.

அடுத்த கிரிட்டிக்கில் இப்படிச் செய்யுங்கள். சுவரில் ஒட்டிவிட்டு விளக்கம் சொல்லாமல் நில்லுங்கள். கடையில் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் விளக்கம் சொல்லப் போவதில்லை. முதலில் எது கண்ணில் பட்டது, இரண்டாவதாக எதைப் படித்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு தோழியை எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் மனம் பதறும்போது காதில் பாதி விழாது. பிறகு எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். ‘பெயர் படிக்க முடியவில்லை’ என்பது ஒருவர் கண்ட குறை. ‘பெயரைச் சிவப்பாக்கு’ என்பது அவருக்குத் தோன்றிய தீர்வு. குறையை மதித்து எடுத்துக்கொள்ளுங்கள். தீர்வைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘இதை யார் படிக்கப் போகிறார்கள்?’ என்று கேட்டுவிட்டு ஆசிரியர் அத்தோடு நகர்ந்துவிட்டிருந்தால் அவர் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார். மறுநாள் போய், ‘சார், எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினீர்கள்?’ என்று கேளுங்கள். அக்கறை உள்ளவர் உட்கார்ந்து காட்டுவார். வேலையை விட்டுவிட்டு உங்கள் உடையையோ பேச்சையோ குடும்பத்தையோ சபையில் கேலி செய்கிறவர் என்றால் அதற்கும் கிரிட்டிக்குக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பொறுத்துப்போகத் தேவையில்லை. துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

எந்த லேப்டாப் வாங்கலாம்? ஃபோட்டோஷாப், ஃபிக்மா எல்லாம் சேருமுன்பே கற்றுக்கொள்ள வேண்டுமா?
– புதிதாகச் சேரும் மாணவர்

துறை கேட்கும் மென்பொருள் எது என்று தெரிந்துகொண்டு அதற்குப் பிறகு வாங்குங்கள். முதல் மாதங்களில் ஸ்கெட்ச்புக், நல்ல ஸ்டீல் ஸ்கேல், கட்டர் இவைதான் அதிகம் வேண்டும். மென்பொருள்கள் ஓரிரு வருடத்தில் முகம் மாறிவிடுகின்றன. பழகிக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம்.

போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கேட்கும்போது காட்டும் தொகுப்பில், எத்தனை வேலைகள் வைக்க வேண்டும்? என்னிடம் மூன்று வருடத்து வேலைகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன.
– இறுதியாண்டு மாணவர்

ஆறு முதல் எட்டு வரை வையுங்கள். நாற்பதும் வைத்தால் பார்ப்பவர் பத்தாவதோடு சோர்ந்துவிடுவார், உங்களிடம் இருப்பதிலேயே சுமாரானதுதான் அவர் மனதில் நிற்கும். ஆகச் சிறந்ததை முதலில் வையுங்கள், அடுத்துச் சிறந்ததைக் கடைசியில்.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால், இது யாருக்கு, என்ன சிக்கல் என்று இரண்டு வரி போதும். பிறகு நீங்கள் தூக்கிப்போட்ட வடிவங்களில் இரண்டு மூன்றைக் காட்டுங்கள். அதை ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் அந்த ஒரு வரியைத்தான் தேடுவேன். பளபளப்பான கடைசிப் படம் எல்லோரிடமும் இருக்கிறது, இன்று அதைச் செய்துதர எத்தனையோ டெம்ப்ளேட்டுகள் இருக்கின்றன. ஆனால் ‘இதைப் பாட்டியிடம் காட்டினேன், மூடியைத் திறக்கத் தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன்’ என்று எழுதியிருப்பவரை உடனே கூப்பிட்டுப் பேசத் தோன்றும். குழு வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று நேர்மையாகக் குறிப்பிடுங்கள். அடுத்தவர் பங்கை உங்களுடையதாகக் காட்டினால் நேர்முகத்தில் மூன்றாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

ஒரு வேலையாவது உண்மையில் அச்சாகி வந்ததாக இருக்கட்டும், கல்லூரி விழா அழைப்பிதழானாலும் சரி. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் கலந்த ஆர்ஜிபி ஒளியில் தெரிந்த பச்சை, அச்சகத்தின் நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் எப்படி மங்கிப்போகிறது, வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டிப்போகும் கூடுதல் அச்சு, விடாவிட்டால் எப்படி வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கிறது என்பதெல்லாம் கையில் தாளோடு நின்றவருக்கு மறக்காது.

தமிழ்ப் பக்கம் ஒன்றும் கட்டாயம் சேருங்கள். இகர ஈகாரச் சுழிகள் மேலே ஏறும், உகர ஊகாரங்கள் பல எழுத்துகளில் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கு விட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் இடித்துக்கொள்ளும். சொற்களும் நீளமாக இருப்பதால் குறுகிய பத்தியில் வரி உடைவது பெரும் பாடு. இதைப் பொறுமையாகச் சரிசெய்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே அந்த மாணவரின் கண் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

நான் கணக்கர். முப்பதை நெருங்குகிறேன். இப்போது டிசைன் படிக்கப் போவது தாமதமா?
– வாசகி

இல்லை. லண்டன் சுரங்க ரயிலின் புகழ்பெற்ற வரைபடத்தை 1931-இல் உருவாக்கிய ஹாரி பெக் ஒரு பொறியியல் வரைவாளர். அப்போது அவருக்கும் வயது முப்பதை ஒட்டித்தான். பூமிக்கு மேலே இருக்கிற தூரங்களை விட்டுவிட்டு, நேர்கோடு, செங்கோணம், 45 பாகைச் சாய்வு இவற்றை மட்டும் வைத்து வரைந்தார். முதலில் நிராகரித்தார்கள், பிறகு 1933-இல் பயணிகள் கைக்கு வந்தது. மின்சுற்றுப் படங்களோடு பழகிய கண் என்பதால் பயணிக்கு எது தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

உங்களுக்கு அட்டவணை தெரியும். எண்களை வலப்பக்கம் ஒட்டி அடுக்கினால்தான் கூட்டிப் பார்க்க வரும், இலக்கங்கள் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும், மொத்தத் தொகையைக் கண் எங்கே தேடும் என்பதெல்லாம் என் மாணவர்களுக்கு நான் ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தருகிறேன். ரசீது, விண்ணப்பப் படிவம், வங்கி ஆப் இவற்றை வடிவமைக்க உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும். வேலையை உடனே விடாதீர்கள். ஒரு மாலை நேர வகுப்பில் சேர்ந்து, உங்கள் அலுவலகத்திலேயே எல்லோரும் தப்பாக நிரப்புகிற ஒரு படிவத்தைத் திருத்தி அமைத்துப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு நொடியில் போஸ்டர் போட்டுக் கொடுக்கிறதே. நாங்கள் படித்து முடிப்பதற்குள் வேலையே இருக்காதோ?
– முதலாண்டு மாணவர்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, தம்பி. பின்னணி வெட்டுவது, ஒரே விளம்பரத்தைப் பல அளவுகளில் மாற்றுவது போன்ற வேலைகளைக் கருவிகள் இப்போதே செய்கின்றன. புதிதாக வருகிறவர்கள் தொழிலுக்குள் நுழைந்த வாசலே அதுதான். அந்த வாசல் குறுகுகிறது என்பதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் கல்லூரியில் இருக்கும்போதே முடிவெடுக்கப் பழகச் சொல்கிறேன். கருவி ஐம்பது போஸ்டர் போட்டுக் கொடுக்கும். அதில் எது மருத்துவமனை நடைவழியில் பத்தடி தூரத்திலிருந்து படிக்க வரும், எதில் அம்புக்குறி தப்பான பக்கம் காட்டுகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். தப்பு நேர்ந்தால் பொறுப்பேற்கவும் ஆள் வேண்டும். முதலாண்டில் யோசனைக்காகக் கருவியை நாடாதீர்கள். உங்கள் மூளை திணறிக் கண்டுபிடிக்க வேண்டிய பருவம் இது. பிறகு தாராளமாகப் பயன்படுத்துங்கள், எங்கே பயன்படுத்தினீர்கள் என்று போர்ட்ஃபோலியோவில் எழுதிவிடுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் தன் கடைக்கு லோகோ கேட்கிறார். ‘படிக்கிற பிள்ளைதானே, உனக்கும் அனுபவம் ஆகும்’ என்கிறார். பணம் கேட்கலாமா?
– மூன்றாமாண்டு மாணவி

கேளுங்கள் அம்மா. கூச்சமாக இருந்தால் பேசாமல் எழுதி அனுப்புங்கள். எத்தனை வடிவங்கள் காட்டுவீர்கள், எத்தனை தடவை திருத்துவீர்கள், எந்தத் தேதிக்குள் முடியும், கடைசியில் என்னென்ன ஃபைல் கொடுப்பீர்கள், பிறகு திருத்தக்கூடிய மூல ஃபைல் அதில் சேருமா, தொகை எவ்வளவு என்பதை அரைப்பக்கத்தில் எழுதுங்கள். பாதித் தொகையைத் தொடங்குமுன் வாங்கிக்கொள்ளுங்கள். அன்பளிப்பாகவே செய்ய விரும்பினாலும் அதே அரைப்பக்கத்தை அனுப்பி, தொகைக்கு நேரே ‘இந்த முறை இலவசம்’ என்று எழுதுங்கள். உங்கள் பெயரில் போர்ட்ஃபோலியோவில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டுப் பிறகு பென்சிலை எடுங்கள்.